பலகைக் கோயிலின் மணல்தட்டு

குரல் போகவும் கூடும் என்று டொக்டர் சொன்னபோது என் மனைவி அவரைப் பார்க்கவில்லை, என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் உள்ளூரச் சந்தோசப்படுகிறேனா என்று பார்த்தாளாம். காரில் வரும்போது அவளே சொன்னாள்.

அவளுடைய கழுத்தில், தைரோயிட் சுரப்பியில் ஒரு கட்டி. வெட்டி எடுக்கவேண்டும். அந்தச் சுரப்பியை ஒட்டித்தான் குரலுக்குப் போகும் நரம்பு ஓடுகிறதாம், நூல் மாதிரி. "மிக அரிதாகத்தான் அப்படி நடக்கும், ஆனால் முன்கூட்டியே சொல்லவேண்டியது எங்கள் கடமை" என்றார் டொக்டர். அந்த வசனத்தில் 'அரிதாக' என்ற சொல்லை என் காது உள்ளே விடவேயில்லை. மிச்சத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தது.

என் மனைவி கிண்டர்கார்டனில் வேலை செய்கிறாள். ஒரு அறை நிறையப் பிள்ளைகள் ஒரே நேரத்தில் கத்தும்போது அவள் ஒரு சொல் சொன்னால் அறை அடங்கும். ஹம்பேர்க்கில் மாதத்தில் ஒரு ஞாயிறு நடக்கும் தமிழ்ப் பூசைக்கு முன்னால் செபமாலை சொல்லுபவளும் அவள்தான். மைக் பழுதானால் அங்கே யாரும் கவலைப்படுவதில்லை. வீட்டில் நான் பகிடி விடுவேன், அவள் ஏசுவாள். கலியாணம் கட்டிய நாளிலிருந்து எங்கள் குடும்பம் இந்த ஒழுங்கில்தான் ஓடுகிறது. அவள் ஏசாவிட்டால் என் பகிடிகள் எங்கே போய் விழும்? இந்தக் கேள்வி ஒரு மாதமாக என்னைத் தூங்கவிடவில்லை. அவள் நன்றாகத் தூங்கினாள்.

ஒப்பரேசன் நாள் காலையில் நான் ஆஸ்பத்திரியில் செய்தவற்றை அவள் ஏற்கெனவே சொந்தக்காரர் எல்லோருக்கும் சொல்லிவிட்டாள், ஆகவே மறைத்துப் பயனில்லை. மயக்கமருந்து கொடுக்க வந்த பெண்ணிடம் "நேற்று நன்றாக நித்திரை கொண்டீர்களா?" என்று விசாரித்தேன். கட்டில் சில்லுகளுக்குப் பிரேக் பிடிக்கிறதா என்று குனிந்து பார்த்தேன். நிமிர்ந்தபோது தலை சுற்றியது. ஒரு தாதி ஓடிவந்து, நான்தான் நோயாளி என்று நினைத்து, என்னைக் கதிரையில் இருத்தித் தண்ணீர் தந்தாள். பச்சை உடுப்போடு கட்டிலில் படுத்திருந்த என் மனைவி அதைப் பார்த்துக் கையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"இஞ்சாருங்கோ, நீங்கள் இஞ்ச நிண்டா டொக்டருக்குக் கை நடுங்கும். எங்கயாவது போங்கோ."

"எங்க போறது? நான் வாசல்ல இருக்கிறன்."

"வாசல்ல இருந்தா வாறவன் போறவன் எல்லாரையும் பிடிச்சுக் கேள்வி கேப்பீங்கள். பலகைக் கோயிலுக்குப் போய் எனக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்திப்போட்டு வாங்கோ. அதுக்கிடையில முடிஞ்சிடும்."

"நீர் பயப்பிடாதையும்" என்றேன்.

"ஆர் பயப்பிடுறது?" என்றாள். கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அந்தக் கேள்விதான் அவளுடைய பழைய குரலில் நான் கேட்கும் கடைசி வசனமோ என்ற எண்ணம் வந்ததும், தண்ணீர் தந்த தாதி திரும்ப வருவதற்குள் நான் லிஃப்ட்டுக்குள் ஏறிவிட்டேன்.

பலகைக் கோயில் என்று நாங்கள் சொல்வது ஹம்பேர்க்குக்குத் தெற்கே, பைன் காட்டோரக் கிராமம் ஒன்றில் இருக்கும் சிறிய மரக் கோயிலை. அது எங்கள் கத்தோலிக்கக் கோயில் இல்லை. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த ஓர்த்தடொக்ஸ் கிறிஸ்தவர்களுடையது. ஆனாலும் இந்த நாட்டில் நான் முதலில் முழந்தாள் போட்ட இடம் அதுதான். அதற்குக் காரணம் பக்தி இல்லை, ஒரு மாவட்ட எல்லை.

நான் பதினெட்டு வயதில் அகதியாக வந்தபோது அந்தக் கிராமத்து ஹைமில்தான் போட்டார்கள். ஹைம் என்றால் நீளமான மரக் கொட்டில், உள்ளே அறை அறையாகப் பிரித்திருக்கும். எங்கள் அறையில் ஐந்து பேர், அதில் கத்தோலிக்கர் மூவர். கத்தோலிக்கக் கோயில் அடுத்த பட்டினத்தில் இருந்தது. அந்தப் பட்டினம் மாவட்ட எல்லைக்கு அந்தப் பக்கம். அகதி வழக்கு முடியும்வரை மாவட்டத்தைத் தாண்டக் கூடாது, தாண்டிப் பிடிபட்டால் தண்டம். கடவுள் எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்தார், நாங்கள் இந்தப் பக்கம் இருந்தோம்.

முதல் ஞாயிறு காலையில் காட்டுப் பக்கமிருந்து "ணங் ணங்" என்று ஒரு சத்தம். யாரோ இரும்பில் இரும்பால் அடித்தார்கள். நான் போர்வைக்குள்ளிருந்து தலையை நீட்டி, "இண்டைக்கும் பள்ளிக்கூடமோ?" என்று கேட்டேன். அறை முழுக்கச் சிரித்தது. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடங்களில் மரத்தில் தண்டவாளத் துண்டு ஒன்றைக் கட்டித் தூக்கிவிட்டு அதில் அடிப்பார்கள் அல்லவா, அதே சத்தம். சத்தம் வந்த திசையில் மூன்று பேரும் நடந்தோம். காட்டோரத்தில் ஒரு மரக் கோயில். முன்னால் இரண்டு கம்பத்துக்கு நடுவே உண்மையாகவே ஒரு தண்டவாளத் துண்டு தொங்கியது. தாடி வைத்த ஒரு கிழவர் சுத்தியலால் அதை அடித்துக்கொண்டிருந்தார். அவர்தான் சுவாமியார். கோயிலுக்கு மேலே தகரத்தில் ஒரு குமிழ்க் கோபுரம்.

"பம்பாய் வெங்காயம் மாதிரிக் கிடக்குது" என்றார் மன்னார் அண்ணை. எங்கள் மூவரிலும் மூத்தவர் அவர். மன்னார்ப் பக்கத்துக் கடல்தொழிலாளி, அளந்துதான் கதைப்பார். அதனால் அவர் சொன்ன பெயர் நிலைத்துவிட்டது. கோபுரம் எங்களுக்கு வெங்காயம், கோயில் பலகைக் கோயில்.

வாசலில் வழக்கம்போல் சப்பாத்தைக் கழற்றினோம். வெளியே பனி. உள்ளேயிருந்த கிழவிகள் மூன்று சோடி ஓட்டைக் காலுறைகளைப் பார்த்துத் தங்களுக்குள் முணுமுணுத்தார்கள். திட்டுகிறார்கள் என்று நினைத்தேன். அடுத்த ஞாயிறு மூன்று சோடி கம்பளிக் காலுறைகள் கதவடியில் வைக்கப்பட்டிருந்தன. ஒன்று மண்ணிறம், ஒன்று சாம்பல், ஒன்று என்ன நிறமென்றே சொல்ல முடியாத நிறம். அது எனக்கு வந்தது.

உள்ளே இருக்கைகள் இல்லை. எல்லோரும் நின்றார்கள். பூசை முடிவதாகவே தெரியவில்லை. எங்கள் ஊர்க் கோயில் மாதிரிச் சுரூபங்களும் இல்லை. அந்தோனியார் இல்லை, செபஸ்தியார் இல்லை. சுவர் முழுக்கக் கறுத்துப்போன பலகைகளில் நீள மூக்குப் புனிதர்கள் எங்களைக் குடிவரவு அதிகாரிகள் மாதிரி உற்றுப் பார்த்தார்கள். இடப்பக்க மூலையில் மட்டும், ஒரு சின்ன மேசையில் மணல் நிரப்பிய தட்டும், அதன் தலைமாட்டில் ஒரு பாடுபட்ட சுரூபமும் இருந்தன. சிலுவையில் தொங்கும் யேசு. தெரிந்த ஒரு முகம்! சந்தைக்குள் தொலைந்த பிள்ளை சித்தப்பாவைக் கண்டதுபோல மூன்று பேரும் நேரே அங்கே போனோம். மெழுகுதிரிகளைக் கொளுத்தி மணலில் நட்டோம். நான் அம்மாவுக்கு, அப்பாவுக்கு, தங்கச்சிக்கு. மற்றவன் தன் வீட்டாருக்கு. மன்னார் அண்ணை ஒன்றே ஒன்றுதான் நட்டார், தம்பிக்கு. ஊரில் இராணுவம் சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டு போன தம்பி. எங்கே இருக்கிறான், இருக்கிறானா என்று யாருக்கும் தெரியாது.

எங்கள் வழக்குகள் முடிய இரண்டு வருடத்துக்கு மேல் ஆனது. அவ்வளவு காலமும் ஞாயிறுதோறும் இதே வேலை. மெழுகுதிரியை நடுவோம், கொஞ்ச நேரம் நிற்போம், கால் கடுக்கத் தொடங்கியதும் ஒருவர்பின் ஒருவராக வெளியே நழுவிச் சிகரெட் பற்றவைப்போம்.

பூசைக்குப் பிறகு சுவாமியார் எங்களையும் கூப்பிட்டு நீள மேசையில் இருத்திச் சூப் தருவார். பீற்றூட் சூப். பார்க்க மீன்குழம்பு மாதிரி இருக்கும், வாயில் வைத்தால்தான் ஏமாற்றம் தெரியும். நான் சட்டைப் பையில் மிளகாய்த்தூள் கொண்டுபோவேன். ஒரு நாள் சுவாமியார் கையை நீட்டி என் தூளைக் கேட்டு வாங்கித் தன் சூப்பில் போட்டார். பிறகு தாடியெல்லாம் கண்ணீர் ஓட, "எங்கட ஆக்கள் இதை முன்னமே கண்டிருந்தா போரை ஒரு கிழமையில வெண்டிருப்பம்" என்றார். ஜெர்மன் மொழியில்தான் சொன்னார். எங்கள் அளவுக்கே அவரும் அந்த மொழியில் தடுக்கி விழுவார், அதனால் அவர் சொன்னது எங்களுக்கு நன்றாக விளங்கும்.

கோயிலின் கதையையும் அந்த மேசையில்தான் சொன்னார். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கிழக்கிலிருந்து ஆட்களைப் பிடித்துக்கொண்டு வந்து இங்கே தோட்டங்களிலும் தொழிற்சாலைகளிலும் வேலை வாங்கினார்கள். அவரும் அப்படிப் பிடிபட்டு வந்தவர்தான், அப்போது எங்கள் வயது. போர் முடிந்தது. ஊருக்குத் திரும்பினால் என்ன செய்வார்களோ என்ற பயத்தில் பலபேர் திரும்பவில்லை. அவர்களை இந்தக் காட்டோரத்து மரக் கொட்டில்களில் வைத்திருந்தார்கள். கொட்டில் ஒன்று வெறுமையானதும் அதைக் கழற்றி, அதே பலகையால் இந்தக் கோயிலைக் கட்டினார்களாம். வெங்காயம், நிவாரணமாக வந்த பால்மா ரின்களை வெட்டித் தட்டையாக்கி அடித்தது. உள்ளே தொங்கும் விளக்குத் தட்டு, உடைந்த குதிரைவண்டிச் சில்லு. மணி வாங்க வழியில்லை, தண்டவாளம் கிடைத்தது. மழை பெய்தால் வெங்காயத்தில் தகரப்பறை அடிக்கும், அப்போது சுவாமியார் குரலை உயர்த்துவார். மழை விட்ட பிறகும் கொஞ்ச நேரம் கத்திக்கொண்டே இருப்பார்.

"வடக்குச் சுவரைப் பாருங்கோ" என்றார். அங்கே ஒரு புனிதரின் படத்துக்குக் கீழே, பலகையில் கொட்டிலின் இலக்கம் கறுப்பு மையில் மங்கலாகத் தெரிந்தது. எங்கள் ஹைம் கதவிலும் அதே எழுத்து, அதே மை. அந்த வரிசையில் கழற்றாமல் மிஞ்சிய கடைசிக் கொட்டிலில்தான் நாங்கள் படுத்திருந்தோம். மன்னார் அண்ணை அந்தச் சுவரைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, "அப்ப நாங்கள் படுக்கிறதும் கோயில்தான்" என்றார். "அப்ப அதுக்குள்ள சிகரெட் பத்தாதையுங்கோ அண்ணை" என்றேன். அன்றைக்கு எனக்குக் குட்டு விழுந்தது.

வழக்கு முடிந்து, வேலை தேடி ஹம்பேர்க் வந்து, துறைமுகத்துப் பண்டகசாலையில் சேர்ந்து, கலியாணமும் கட்டிய பிறகு மனைவியை அங்கே கூட்டிக்கொண்டு போனேன். அப்போது சுவாமியார் தடியூன்றி நடந்தார். கோயிலும் ஒரு பக்கம் சாய்ந்து, அதற்கும் ஒரு கம்பு முண்டுகொடுத்திருந்தார்கள். இரண்டில் எது முதலில் விழும் என்று நான் கேட்டதற்கு மனைவி ஏசினாள். பிறகு பிள்ளைகள், வீடு, வேலை என்று போக்கு விட்டுப்போனது. ஆனால் அவளுக்கு அந்தக் கோயில் பிடித்துப்போனது, ஏதாவது கஷ்டம் என்றால் "பலகைக் கோயிலில ஒண்டு கொளுத்தவேணும்" என்பாள். கொளுத்தப் போனதில்லை, சொல்வதோடு சரி. இந்தத் தடவைதான் உண்மையாகவே அனுப்பினாள்.

ஓட்டோபான் நெடுஞ்சாலையில் நான் எப்படிப் போனேன் என்று எனக்கே தெரியாது. இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டிப் போய், திரும்பி வந்து, அந்தப் பக்கமும் தாண்டினேன். கடைசியில் கிராமத்தைக் கண்டுபிடித்தபோது ஹைம் இருந்த இடத்தில் சுப்பர் மார்க்கெட் வாகனத் தரிப்பிடம். கோயில் மட்டும் அதே இடத்தில், ஆனால் நிமிர்ந்து நின்றது. யாரோ சாய்வை எடுத்துவிட்டிருந்தார்கள். வெங்காயத்துக்குப் புதுச் செப்புத் தகடு. வாசலில், இது பாதுகாக்கப்படும் பழைய கட்டடம் என்று ஒரு பலகை. அடிபட்டுப் பள்ளம் விழுந்த தண்டவாளத் துண்டு இன்னும் தொங்கியது.

கதவு திறந்திருந்தது. சப்பாத்தைக் கழற்றினேன். உள்ளே தேன்மெழுகு மணம் அப்படியே மூக்கில் ஏறியது. ஒரு கணம் எனக்குப் பதினெட்டு வயது, கழுத்து ஒப்பரேசன் என்ற ஒன்றே உலகத்தில் இல்லை. பிறகு, நீள மூக்குப் புனிதர் ஒருவரின் தலைக்கு மேலே பச்சை விளக்கில் அவசர வழியால் ஓடும் மனிதனைக் கண்டேன். என்னைப்போலவே ஓடினான். எனக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது.

மெழுகுதிரி ஒன்றை எடுத்துக்கொண்டு நேரே இடப்பக்க மூலைக்குப் போனேன். அதே மேசை, அதே மணல்தட்டு, அதே பாடுபட்ட சுரூபம். கொளுத்தி மணலில் நட்டு, கண்ணை மூடி, "ஆண்டவரே, அவள் என்னை எவ்வளவும் ஏசட்டும். ஏசுறதுக்கு அவளுக்குக் குரலை விடும்" என்று மன்றாடினேன்.

"ஆருக்கு அது?" என்று பின்னால் ஒரு குரல் கேட்டது.

துள்ளித் திரும்பினேன். அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு பெண், கையில் பித்தளை மினுக்கும் துணி. அவள் ஜெர்மன்தான் கதைத்தாள், ஆனால் எனக்கு ஞாபகத்தில் எல்லாம் தமிழாக மாறித்தான் கிடக்கிறது. ஆகவே அவளும் யாழ்ப்பாணத்தாள் மாதிரிக் கதைத்தால் வாசிப்பவர்கள் பொறுத்துக்கொள்ளவேண்டும்.

"என்ர மனுசிக்கு" என்றேன்.

அவள் முகம் வாடியது. சிலுவை போட்டுக்கொண்டு, "எப்ப செத்தவ?" என்று கேட்டாள்.

"சாகேல்லை! இப்ப ஒப்பரேசன் நடக்குது!"

"பிறகேன் இதில வைச்சனீங்கள்? இது செத்த ஆக்களுக்கு வைக்கிற இடம். உயிரோட இருக்கிற ஆக்களுக்கு அங்க, மாதாவின்ர படத்துக்கு முன்னால."

இதைச் சாதாரணமாக, கடையில் அரிசி எந்தத் தட்டில் இருக்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

அடுத்து நான் செய்ததை அழகாக எழுத வழியில்லை. மெழுகுதிரியை மணலிலிருந்து பிடுங்கினேன். ஊதி அணைக்க வாயைக் குவித்தேன், குவித்த வாயோடே நின்றுவிட்டேன். அணைத்தால் அதற்கு என்ன அர்த்தம்? அணைக்காமல் கொண்டுபோனால் வழியில் காற்றுப்பட்டு அணைந்தால் அதற்கு என்ன அர்த்தம்? ஒரு கையால் சுடரை மறைத்துக்கொண்டு, காலுறையோடு, மெழுகு விரலில் ஒழுக, வாத்து மாதிரி நடந்தேன். மாதா படத்துக்கு முன்னால் இருந்த பித்தளைத் தாங்கியில் அதைச் செருகினேன். போதாது என்று பட்டது. இன்னும் ஒரு பிடி மெழுகுதிரி எடுத்து எல்லாவற்றையும் கொளுத்தினேன். மாதாவின் முகமே தெரியாத அளவுக்கு வெளிச்சம்.

"காணும், காணும். பலகைக் கோயில், எரிச்சுப் போடாதையுங்கோ" என்றாள் அவள்.

பலகைக் கோயில் என்ற சொல் ஹைம் நாட்களைக் கிளப்ப, இன்னொரு பயம், முதல் பயத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு வந்தது. இரண்டு வருடத்துக்கு மேல் ஞாயிறுதோறும் அந்த மணலில் நட்டோமே! அம்மா. அப்பா. தங்கச்சி. எல்லோரையும் உயிரோடு செத்தவர் தட்டில் நட்டிருக்கிறேன். மனதுக்குள் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பார்த்தேன். அம்மா வயதுபோய், கஞ்சி குடித்துவிட்டுப் படுக்கையில்தான் போனார். அப்பா அதற்கும் பிறகு. தங்கச்சி கொழும்பில் இருக்கிறாள், போன கிழமைகூட என்னை "விசரா" என்றாள். இவர்கள் எல்லாம் தப்பியதற்குக் கணக்குப் பிழைத்ததுதான் காரணம், இன்றைக்குத்தான் கணக்கைச் சரிபார்க்கப் போகிறார்கள் என்று என் மூளை தீர்ப்பு எழுதியது.

"நாங்கள் எப்பவும் அங்கதான் வைச்சனாங்கள்" என்றேன். குரல் எனக்குத்தான் போய்விட்டது போலிருந்தது. "முந்தி, ஹைமில இருந்த காலத்தில. மூண்டு பேர்..."

அவள் என் காலைப் பார்த்தாள். சப்பாத்து இல்லாத காலை. பிறகு நிமிர்ந்து முகத்தைப் பார்த்தாள்.

"தூள் கொண்டு வாற பெடியன் நீங்கள்தானே?"

வாசலடி மேசையில் எங்களுக்கு மெழுகுதிரி எடுத்துத் தந்த கிழவியின் மகள் அவள். அந்தக் காலத்தில் நீளப் பின்னலோடு தாய்க்குப் பக்கத்தில் நிற்பாள். நாங்கள் மூவரும் அவளை நிமிர்ந்து பார்க்கப் பயந்து, மூவரும் பார்ப்போம். இப்போது கோயில் கதவுத் திறப்பு அவளிடம்தான்.

"நீங்கள் எல்லாம் உயிரோட இருக்கிற ஆக்களுக்குத்தான் கொளுத்துறீங்கள் எண்டு எங்களுக்கு முதல் மாசமே தெரியும்" என்றாள். "உங்களில ஒருத்தன் தாய்க்குப் பார்சல் அனுப்பவேணும், பெட்டி தாங்கோ எண்டு என்ர அம்மாவிட்டக் கேட்டவன். அதே தாய்க்கு இதில மெழுகுதிரியும் வைக்கிறான். அம்மா உங்களைக் கூப்பிட்டுச் சொல்லத்தான் வெளிக்கிட்டவ. சுவாமியார் விடேல்லை."

"ஏன்?"

"அந்தப் பெடியளுக்கு இந்தக் கோயிலில தெரிஞ்ச முகம் அது ஒண்டுதான், அதையும் பறிக்காத எண்டார். ஆர் இருக்கினம், ஆர் செத்தவை எண்டு கடவுளுக்குத் தெரியாதோ எண்டார்." அவள் சிரித்தாள். "அப்பிடிச் சொன்ன மனுசன் பிறகு யோசிச்சுப்போட்டு, எதுக்கும் தூக்கி அங்கால வைச்சுவிடுவம் எண்டு எனக்குச் சொன்னார்."

நாங்கள் சிகரெட் குடிக்க வெளியே நழுவிய பிறகு, ஒவ்வொரு ஞாயிறும், அவள் எங்கள் மெழுகுதிரிகளை எரிய எரிய மணலிலிருந்து எடுத்து மாதாவுக்கு முன்னால் கொண்டுபோய் வைத்திருக்கிறாள். அவள் வராத நாட்களில் சுவாமியாரே தூபக்கலசத்தோடு கோயிலைச் சுற்றி வரும்போது ஒரு கையால் இதையும் செய்வாராம். ஒரு தடவை தாடி கருகி, பூசைக்கு நடுவில் முடி எரிந்த மணம் கோயில் முழுக்க அடித்ததாம். வெளியே சிகரெட்டோடு நின்ற எனக்கும் அந்த மணம் ஞாபகம் இருக்கிறது. கிழவிகள் ஏதோ சமைத்துக் கருக்கிவிட்டார்கள் என்று மன்னார் அண்ணையிடம் சொன்னேன்.

"எல்லாத்தையும் மாத்தினனீங்களோ?" என்று கேட்டேன். "எங்களோட ஒரு மூத்தவர் இருந்தவர். ஒண்டே ஒண்டுதான் வைப்பார்."

"ஓம், உயரமான ஆள். அதையும்தான். ஆர் ஆருக்கு வைச்சதெண்டு எனக்கென்ன தெரியும்? எல்லாத்தையும் தூக்கி அங்க வைச்சன்."

மன்னார் அண்ணையின் தம்பி திரும்பி வரவேயில்லை. ஆனால் அந்த ஞாயிறுகளில் எல்லாம் அவனும் உயிரோடிருப்பவர்களின் வரிசையில் நின்று எரிந்திருக்கிறான். அண்ணை இப்போது கனடாவில் இருக்கிறார். இதை அவருக்குச் சொல்லவேண்டும் என்று இரண்டு தடவை ரெலிபோன் எடுத்தேன். இரண்டு தடவையும் அங்கே பனி எப்படி என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

ஆஸ்பத்திரிக்கு அழைத்தேன். இன்னும் முடியவில்லை என்றார்கள். திரும்ப அழைத்தேன், அதே பெண், அதே பதில், சற்றுச் சூடாக. மூன்றாவது தடவை நான் எடுக்கப்போகும்போது அந்த அக்கா ரெலிபோனை வாங்கி ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, என் கையில் ஒரு துணியையும் பித்தளைத் தாங்கி ஒன்றையும் தந்தாள். அடுத்த கிழமை திருநாளாம், எல்லாம் மினுக்கவேண்டும்.

மினுக்கினேன். அவள் பக்கத்தில் இருந்து மினுக்கிக்கொண்டே மிச்சக் கதையைச் சொன்னாள். சுவாமியார் இறந்தபோது கோயிலில் கிழவிகள் நாலைந்து பேர்தான் மிஞ்சினார்களாம். அவர்களும் ஒவ்வொருவராகப் போக, ஒரு குளிர்காலம் முழுக்க அவளும் மாதம் ஒருமுறை வரும் வேறொரு சுவாமியாரும் மட்டும் நின்று பூசை. பிறகு கட்டடப் பாதுகாப்புக்காரர் வந்து, இது அபூர்வம் என்று சொல்லிச் சாய்வை நிமிர்த்தினார்கள். தாய் உயிரோடிருந்திருந்தால் அந்தச் சாய்வில்லாமல் கோயிலை அடையாளமே கண்டிருக்கமாட்டாள் என்றாள். இப்போது திரும்ப ஒரு போர், திரும்பக் கிழக்கிலிருந்து ஆட்கள். ஞாயிறுகளில் பிள்ளைகுட்டிகளோடு தாய்மார் நிற்க இடமில்லை. "கோயிலுக்கு ஆக்கள் வந்தது சந்தோசம். வந்த காரணந்தான்..." என்று சொல்லி நிறுத்தி, தாங்கியில் ஊதித் துடைத்தாள்.

சுவாமியாரைக் கோயிலுக்குப் பின்னால்தான் புதைத்திருக்கிறார்கள் என்று அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போது ரெலிபோன் அடித்தது. தாங்கி கையிலிருந்து விழுந்தது. ஒப்பரேசன் முடிந்துவிட்டது, எல்லாம் நல்லபடி போனது, கட்டியில் மோசமானது எதுவும் தெரியவில்லை என்றார் டொக்டர். குரல்? அது விழித்துக் கதைக்கும்போதுதான் தெரியும். நான் அந்த அக்காவைக் கட்டிப்பிடித்தேனா, கையைக் குலுக்கினேனா என்று ஞாபகமில்லை. சப்பாத்து நாடா கட்டாமலே கார் ஓட்டினேன்.

மனைவி கழுத்தில் கட்டோடு தலையணையில் சாய்ந்திருந்தாள். கண் திறந்திருந்தது. "அதிகம் கதைக்க விடாதீர்கள்" என்றாள் தாதி. அவளைக் கதைக்க வைக்கத்தானே நான் வந்திருக்கிறேன்? ஆனால் கேட்கவும் பயம். அவள் வாய் திறந்து ஒன்றும் வராவிட்டால்? அந்தக் கணம் வராமல் தள்ளிப்போட, கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு நானே கதைக்கத் தொடங்கினேன். ஓட்டோபான், சுப்பர் மார்க்கெட், செப்பு வெங்காயம், மணல்தட்டு, வாத்து நடை, சுவாமியாரின் கருகிய தாடி, எல்லாம். கலியாணம் கட்டிய பிறகு நான் ஒரு கதையைக் குறுக்கீடு இல்லாமல் தொடக்கத்திலிருந்து முடிவுவரை சொன்னது அன்றைக்குத்தான். அது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

கதை முடிந்தது. இனிச் சொல்ல ஒன்றும் இல்லை. அவள் வாயைத் திறந்தாள். வெறும் காற்றுத்தான் வந்தது. கையைக் காட்டித் தண்ணீர் கேட்டாள், கொடுத்தேன். ஒரு மிடறு விழுங்கி, முகத்தைச் சுளித்து, திரும்ப வாயைத் திறந்தாள்.

"அப்ப அந்தச் சுவாமியாருக்கு?"

கரகரத்து, பாதி தேய்ந்து, அடியில் எங்கோ கிடந்து வந்தது. ஆனால் அவளுடைய குரல்தான்.

"சுவாமியாருக்கு என்ன?" என்றேன். எனக்குக் கண் மறைத்தது.

"அவருக்கு ஒண்டு கொளுத்தினீங்களோ?"

நான் தண்ணீர்க் கோப்பையை வாங்கி மேசையில் வைத்தேன்.

"அந்த மனுசன் தாடியைக் கருக்கி உங்கட மெழுகுதிரியளத் தூக்கி வைச்சிருக்குது. அவ்வளவு தூரம் போய், அவருக்கு ஒண்டு கொளுத்த உங்களுக்கு ஞாபகம் வரேல்லை."

"உம்மைப் பற்றின யோசினையில..."

"நாளைக்குப் போங்கோ. மணலுக்க வையுங்கோ. அவருக்கு அதுதான் இடம்."

தாதி எட்டிப் பார்த்து, கதைக்க வேண்டாம் என்று விரலைக் காட்டினாள். மனைவி நல்ல பிள்ளையாகத் தலையாட்டினாள். தாதி போனதும் என்னைப் பார்த்தாள், நான் எதற்கு அழுகிறேன் என்று.

"ஓம், போறன்" என்றேன். கொஞ்சம் பொறுத்து, இன்னும் இரண்டு சொல் கேட்கவேண்டும் என்ற ஆசையில், "ஆனா மணல் எந்தப் பக்கம் இருந்ததெண்டு மறந்துபோச்சு" என்றேன்.